இரண்டு சிலிண்டர் காற்று

சும்மா பொழுதுபோக்குக்குக் கடலில் மூழ்குகிறவனுக்கு இரட்டைச் சிலிண்டர் எதற்கு என்று என்னிடம் கேட்காத ஆளில்லை. ஒன்றைக் கட்டிக்கொண்டு கீழே போய், மீனைப் பார்த்துவிட்டு, மேலே வந்து தேத்தண்ணி குடிக்க வேண்டியதுதானே என்பார்கள். மாலைதீவில் எனக்கு மூழ்கப் பழக்கிய மாஸ்டரும் போனில் அதையேதான் சொன்னார். அவர்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் நியாயத்தை வைத்து மூச்சு விட என்னால் முடியவில்லை.

சுனாமி வந்த காலையில் நான் பள்ளிவாசலுக்குக் குர்ஆன் ஓதப் போய்க்கொண்டிருந்த சிறுவன். யாருடையதோ ஒரு வீட்டு யன்னல் கம்பியைப் பிடித்தபடி தண்ணீருக்குள் கிடந்தேன். மூச்சு விட வாயைத் திறந்தபோது மண்ணும் உப்பும்தான் உள்ளே வந்தன. பிழைத்தேன், வளர்ந்தேன், கலியாணமும் முடித்தேன். ஆனால் ஒரு நாளாவது நிம்மதியாகத் தூங்கினேனா என்று கேட்டால் இல்லை. மாலைதீவில் ஹோட்டல் வேலைக்குப் போன இடத்தில், வேலைக்காரர்களுக்கும் பழக்குகிறோம் என்று முதுகில் ஒரு சிலிண்டரைக் கட்டிக் கடலில் இறக்கினார்கள். தண்ணீருக்கடியில் வாயைத் திறந்தேன். காற்று வந்தது. முகமூடிக்குள்ளேயே அழுதேன். அன்றைக்கு என்னை எழுப்ப ஆள் வரவேண்டியிருந்தது, அப்படித் தூங்கினேன்.

ஆக, மற்றவர்களுக்கு விளையாட்டு எனக்கு மருந்து. ஒரேயடியாக ஊருக்குத் திரும்பி, கல்முனையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலைக்கு நின்றதும் மருந்தும் நின்றுபோனது. தூக்கம் திரும்பவும் போனது. பிள்ளைகள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டால்கூட எரிந்து விழுந்தேன். மனைவி என்னோடு கதைக்கவே யோசித்தாள்.

மனைவியின் காக்கா, அதாவது அவளுடைய அண்ணன், எனக்கு மச்சான், மீன்பிடிக்காரர். நாங்கள் இருக்கும் வீடும் அவர் கடலில் உழைத்துத் தங்கைக்குக் கட்டிக்கொடுத்ததுதான். அவருடைய போட்டில் ஏறி, கரைக்கு எதிரே கிடக்கும் கடலடிப் பாறைக்கு ஒற்றைச் சிலிண்டரோடு சில தடவை போனேன். கூட மூழ்க ஆள் கிடையாது. தனியாக இறங்குவது பிழை என்று எனக்கும் தெரியும். காற்று பாதியானதாக மீட்டரில் முள் காட்டினால் போதும், நெஞ்சை அடைத்துவிடும். கடைசித் தடவை ஒரே பாய்ச்சலாக மேலே வந்தேன். அப்படி வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும் என்று படித்ததெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனதோ தெரியாது.

மச்சான் என்னைப் போட்டுக்குள் இழுத்துப் போட்டுவிட்டு மூச்சு வாங்கினார். "மச்சான், உனக்கு ஒண்டு ஆகினா என்ட தங்கச்சிதான் இத்தா இரிக்கணும். விளங்குதா? இனிப் போறெண்டா ரெண்டு சிலிண்டர் கட்டிட்டுப் போ. இல்லாட்டி இந்தப் போட்டுல கால் வைக்காத."

புருஷன் இறந்த வீட்டில் மனைவி நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் இத்தா இருப்பதை யாரும் விளையாட்டாகச் சொல்வதில்லை. அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லாமல் போனது.

கொழும்பில் புது இரட்டைச் சிலிண்டர் விலையைக் கேட்டேன். இரண்டையும் மேலே ஒரு குழாயால் இணைத்திருப்பார்கள், ஒரு பக்கம் பழுதானாலும் மற்றப் பக்கக் காற்றை எடுக்கலாம். நல்ல சாமான்தான். விலையைக் கேட்டதும் நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பழையது ஒன்று மலிவாக வந்தது, இரும்புச் சோடி. கழுத்தில் குத்தியிருந்த சோதனைத் திகதி தேய்ந்து போயிருந்தது. வால்வைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே துருப்பிடித்துக் கறள். விற்க வந்தவன் அதெல்லாம் ஒன்றும் செய்யாது என்றான். நீயே கட்டிக்கொண்டு இறங்கு என்று சொல்லி அனுப்பினேன்.

கடைசியில் பெரியநீலாவணையில், கடலட்டை பிடிக்க மூழ்கப் போவதை விட்டுவிட்ட ஒருவரிடம் இரண்டு அலுமினியச் சிலிண்டர்கள் கிடைத்தன. உள்ளே சுத்தம், சோதனையும் செய்திருந்தார். இணைப்புக் குழாய் வாங்க வக்கில்லாதவனுக்கு வழி இதுதான்: இரண்டையும் தனித்தனியாகவே வைத்து, ஒவ்வொன்றுக்கும் காற்றை வாய்க்குக் கொண்டுவர ஒரு ரெகுலேட்டர், மிச்சக் காற்றைக் காட்ட ஒரு மீட்டர். ஒன்றில் பாதி குடித்ததும் வாயிலுள்ளதை எடுத்துவிட்டு மற்றதைக் கடிக்க வேண்டும். ஒரு ரெகுலேட்டர் மாலைதீவிலிருந்து கொண்டு வந்தது. மற்றதை வாங்க மோட்டார் சைக்கிளை விற்றேன். சிலிண்டர் மலிவு, அதன் வாய்தான் கையைக் கடிக்கும் என்பது அப்போதுதான் விளங்கியது. இரண்டையும் சேர்த்துக் கட்டும் பட்டியை, சம்மாந்துறையில் உழவு இயந்திரப் பெட்டி ஒட்டும் வெல்டிங் கடையில் துருப்பிடிக்காத தகட்டில் செய்வித்தேன். எதற்கு என்று கேட்டார்கள். சொன்னேன். சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காற்று நிரப்ப வடக்கே, வெள்ளைக்காரரை மூழ்கக் கூட்டிப் போகும் இடத்துக்குத்தான் போகவேண்டும். பஸ் கொண்டக்டர் சிலிண்டரைக் கண்டதும் படியிலேயே மறித்துவிட்டார்.

"கேஸா? ஏத்த ஏலா."

"கேஸ் இல்ல, காத்து. வெறுங் காத்துதான்."

"காத்தெண்டா என்னத்துக்கு இரும்புக்குள்ள போட்டிரிக்கி? இறங்குங்க, இறங்குங்க."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அடுப்படியில் கேஸ் வெடிக்கிறது என்று நாடே நடுங்கிய காலம் எல்லோருக்கும் ஞாபகமிருக்கிறது. ஓட்டோவுக்குக் காசு கொடுத்துத்தான் போய் வந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை கடல் எண்ணெய் போலக் கிடந்தது. பாறைக்கு மேலே நங்கூரம் போட்டதும் இரண்டு ரெகுலேட்டரையும் மாறி மாறிக் கடித்துப் பார்த்தேன். இரண்டிலும் காற்று வந்தது. இரண்டு மீட்டரும் நிரம்பக் காட்டின. சுமையோடு போட்டின் விளிம்பில் உட்கார்ந்து முகமூடியைக் கழுவும்போது மச்சான் பின்னால் நின்று பட்டியை இறுக்கினார். பிஸ்மி சொல்லி விழுந்தேன்.

கீழே சொர்க்கம். முதலாவதில் பாதி முடிந்தபோதும் நெஞ்சு அடைக்கவில்லை. இன்னொன்று முழுதாக இருக்கிறது என்ற ஒரே நினைப்பு போதுமாக இருந்தது. பாறையடியில் ஒரு களவாய் மீன் என்னைப் பார்த்தது, நானும் பார்த்தேன். பிறகு முறைப்படி வாயிலிருந்ததை எடுத்துவிட்டு இரண்டாவதைக் கடித்தேன். ஒரு மூச்சு வந்தது. அடுத்ததில் பாதி வந்தது. நிரம்பக் காட்டிய முள் என் கண் முன்னாலேயே பூச்சியத்துக்கு விழுந்தது.

உறிஞ்சினேன். ஒன்றுமில்லை. கையைப் பின்னால் கொண்டுபோய் வால்வைத் தேடினேன், எட்டவில்லை. யன்னல் கம்பி, மண், உப்பு எல்லாம் திரும்ப வாய்க்குள் வந்துவிட்டன. அல்லாஹ் என்று கத்தினேன், தண்ணீருக்குள் யாருக்குக் கேட்கும்? முதலாவது ரெகுலேட்டர் தோளுக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது. அதை எப்படிப் பிடித்தேன், எப்படி வாயில் வைத்தேன் என்று எனக்குத் தெரியாது. காற்று வந்தது. அதை உறிஞ்சி உறிஞ்சி நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, மிக மெதுவாக ஏறினேன்.

போட்டுக்குள் ஏறிச் சுமையைக் கழற்றிப் பார்த்தால், இரண்டாவது சிலிண்டரின் வால்வு இறுக மூடியிருந்தது. குழாயில் மிஞ்சிக் கிடந்த காற்றைத்தான் முள் நிரம்பக் காட்டியிருக்கிறது.

"இதை ஆரு பூட்டின?"

"நான்தான்," என்றார் மச்சான். நல்ல காரியம் செய்த முகம். "நீ முதல்ல ஒண்டத்தானே பாவிப்ப. மற்றது சும்மா திறந்து கிடந்துது. ஊட்டுல கேஸைப் பூட்டாம விடுவமா?"

வாய்க்கு வந்தபடி ஏசினேன். எழுத முடியாத வார்த்தைகள். அடிக்கக் கையும் ஓங்கினேன். அவர் தடுக்கவில்லை. நான் கத்தியதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கு விளங்கியது. முகம் வெளிறிப்போனது. வால்வைத் திறந்து, அந்த ரெகுலேட்டரைத் தன் வாயில் வைத்து ஒரு மூச்சு இழுத்தார். காற்று வருகிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். இன்னொன்று இழுத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. பிடுங்கினால்தான் விட்டார்.

நங்கூரத்தை இழுத்துப் போட்டுப் போட்டைக் கரைக்குத் திருப்பினார்.

அடுத்த நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து வாசலில் போனோடு உட்கார்ந்தேன். மனைவி தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும், அவளுடைய காக்காவே வந்து அழுதுவிட்டுப் போயிருந்தார். நான் கடலை விட்டுவிடுவேன் என்று நினைத்திருக்க வேண்டும், பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். போனை எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் என்ன தேடுறீங்க?"

"மூணாவது சிலிண்டர். சின்னதா ஒண்டு, முன்னால கட்டுற மாதிரி. கைக்கு எட்டும்."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அது எனக்கு லேசு.

"எத்தின இருந்தா உங்களுக்குப் போதும்?" என்று கேட்டாள்.

மூன்று என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூச்சுத்தான் வந்தது.