பாத்திமா அக்காவின் தேனீப் பெட்டி

சின்னமனூர் பக்கம் பூசணி போட்டிருந்தேன். ஒருநாள் காலையில், பூ விரிந்திருந்த நேரத்தில், அவசரப்பட்டு மருந்தடித்துவிட்டேன். பக்கத்துத் தோட்டத்து பாத்திமா அக்காவின் தேனீக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. தேன் விற்றுத்தான் அவர் பிழைப்பு. நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரம் என் பிஞ்செல்லாம் வெம்பி உதிர்ந்தது. தேனீ வராத பூ காயாகாது என்று அப்போதுதான் உறைத்தது. அக்காவிடம் போய் ஒப்புக்கொண்டேன்.

"நீங்க மருந்தடிச்சத எங்க வீட்டுக்காரவுக அன்னைக்கே பாத்துட்டாக தம்பி. மிச்சமிருக்கிற தேனீப் பெட்டிய ஒங்க வரப்புல வைக்கிறேன். இனிமே தேனீ பெட்டிக்குத் திரும்பின பெறகு, சாயங்காலம் மருந்தடிங்க."

பத்தே நாளில் கொடியெங்கும் பிஞ்சு! முதல் காயை அறுத்ததும் செருப்புகூடப் போடாமல் அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

"இதுல பாதி என் தேனீப் பிள்ளைக சம்பாத்தியம்" என்று சிரித்தார்.

பாதி என்று சொன்னது அவர் பெரிய மனசு.