மக்காச்சோளத்துக்கு அத்தர் அடித்த மாப்பிள்ளை

ஆராய்ச்சி நிலையத்தின் கண்ணாடி வீட்டைப் பார்த்துக்கொள்பவர் பேரன் எடுத்தவர். ஆனாலும் அங்கே எல்லோருக்கும் அவர் 'மாப்பிள்ளை'தான். மண் கிளறுகிற வேலைக்கு மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்தால் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

செடிகளோடு பேசுவார். திட்டுவார் என்பதே சரி. "ஏண்டி, நேத்துதானே தண்ணி ஊத்தினேன்? அதுக்குள்ள மூஞ்சியத் தொங்கப்போட்டா எப்படி?" என்பார். அதுவும் நிமிர்ந்துவிடும், பயந்தோ பாவம் பார்த்தோ.

அந்தப் பருவத்தில் டாக்டரம்மா அவரிடம் ஒரு வினோதமான மக்காச்சோளத்தை ஒப்படைத்தார். டாக்டரம்மா என்றால் ஊசி போடுகிறவர் இல்லை. செடிகளின் மரபணுவைக் குடைந்து குடைந்தே பட்டம் வாங்கியவர். சாதாரண மக்காச்சோளத்துக்குத் தலையில் ஆண்பூ, இடுப்பில் பெண்பூ. பெண்பூதான் நூல் விட்டு, மணி பிடித்துக் கதிராகும். இந்தச் செடியிலோ ஒரு மரபணு பழுது. அதனால் தலையிலும் பெண்பூவே பூக்கும். உச்சந்தலையிலேயே நூல் தொங்கும். அந்தக் கூத்தைப் பார்க்க வெளிநாட்டு விஞ்ஞானிகள் வரவிருந்தார்கள். "பத்திரமா பாத்துக்கங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா ஒரு மாதம் வெளியூர் போனார்.

அந்த மாதம் செடிகளுக்கு வந்தது மீன் உரம். ஊற்றிய நாள்முதல் கண்ணாடி வீடு நாறியது, மாப்பிள்ளையும் நாறினார். பேருந்தில் அவருக்குப் பக்கத்து இருக்கை கடைசி நிறுத்தம்வரை காலியாகவே வந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். பேரன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆய்வகத்துக் குளிர்பெட்டியில் ஒரு சின்ன பாட்டில் இருந்தது. திறந்தால் மல்லிகைத் தோட்டமே மூக்குக்குள் நுழைந்தது. 'படிச்சவங்க அத்தரைக்கூட ஃப்ரிட்ஜில வெப்பாங்க போல' என்று நினைத்தவர், யாரையும் கேட்காமல் தெளிப்பானில் சில சொட்டு விட்டுத் தண்ணீர் கலந்து, தினமும் காலையில் செடிகளின் மேல் புஸ் புஸ்ஸென்று அடித்தார். வீட்டுக்குக் கிளம்பும்போது சட்டைக் காலருக்கும் ஒரு புஸ்.

டாக்டரம்மா திரும்பி வந்தபோது செடிகள் பூத்திருந்தன. எல்லாவற்றின் தலையிலும் கச்சிதமான ஆண்பூ. மருந்துக்குக்கூட ஒரு நூல் இல்லை.

"அண்ணே, விதைய மாத்தி நட்டுட்டீங்களா?"

"பெத்த பிள்ளைய மாத்தினாலும் மாத்துவேன் மேடம், விதைய மாத்த மாட்டேன்."

"அப்ப இது என்ன?"

அது அவருக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை முதல் கிடங்கில் சாக்கு அடுக்கும் வேலைக்குப் போகச் சொல்லிவிட்டார் இயக்குநர். சாக்கைத் திட்டி என்ன பயன்? அது நிமிரவா போகிறது?

கடைசி நாள். மாப்பிள்ளை ஒவ்வோர் இலையாக ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி விடுவிடுவென்று உள்ளே வந்தார், கையில் நேற்றைய சட்டையோடு. டாக்டரம்மா பின்னாலேயே ஓடி வந்தார்.

"யாருங்க அவ?"

"எவ?"

"ஒரு மாசமா பாக்கறேன். ஊத்தறது மீன் உரம், வரும்போது மல்லி வாசம்! பேரன் எடுத்தாச்சு, வெக்கமா இல்ல?"

மாப்பிள்ளை மனசுக்குள் கணக்குப் போட்டார். உண்மையைச் சொன்னால் திருட்டு; கிடங்கும் போய்விடும், நேரே வாசல்தான். சொல்லாவிட்டால் வீட்டு வாசல் சாத்திக்கொள்ளும். சண்டைக்கென்றே கிளம்பி வந்த மனைவியின் கண் நிறைந்திருந்ததைப் பார்த்தார். அதற்குமேல் யோசிக்கவில்லை.

"யாருமில்லடி. மேடத்தோட அத்தரத் திருடி அடிச்சேன். எனக்கும் செடிக்கும்."

"எந்த அத்தர்?" டாக்டரம்மா சட்டையைப் பிடுங்கி முகர்ந்தார்.

"ஏம்மா, நீ எதுக்கு மோந்து பாக்குற?" என்று பாய்ந்தார் மனைவி.

டாக்டரம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "இது செடியோட ஹார்மோன், அண்ணே! தலையில பெண்பூவ வளரவிடாம அடக்கறதே இதுதான். மரபணு பழுதானதால இந்தச் செடிக்கு அதைச் சொந்தமா தயாரிக்க முடியாது. நீங்க தெனம் ஊட்டி விட்டிருக்கீங்க!"

"அப்ப பொம்பள யாரும் இல்லையா?" மனைவிக்கு அதுதான் முக்கியம்.

"இருந்திருப்பாங்கம்மா, செடிங்க தலையில. உங்க வீட்டுக்காரர் ஒருத்தரையும் விட்டுவைக்கல."

சிரித்தபடியே எழுந்த டாக்டரம்மா இயக்குநர் அறைக்குப் போனார். கதவு பாதி திறந்திருந்ததால், பின்னாலேயே போய் வெளியே நின்ற மாப்பிள்ளைக்கும் மனைவிக்கும் எல்லாம் கேட்டது.

"எடுத்தது தப்புதான் சார். ஆனா விதைய அவர் மாத்தல. நான்தான் நம்பாம பேசிட்டேன். மறுபடி நடணும், அவர் இல்லாம நட மாட்டேன். வெளிநாட்டுக்காரங்க அடுத்த பருவத்துல வந்து பாக்கட்டும்."

உள்ளே கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. பிறகு டாக்டரம்மா புது விதைப் பொட்டலத்தோடு வெளியே வந்து நீட்டினார். மாப்பிள்ளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மனைவி முன்னால் வந்து சொன்னார்: "மேடம், பாட்டில மட்டும் பூட்டி வைங்க. இந்த மனுசன நான் பாத்துக்கறேன்."