கிளியர் என்று நான் சொன்ன எட்டு சென்ட்

1. போன்

"அண்ணா, வாணம் தோண்டுத எடத்துல ஒரு அம்மா வந்து குழிக்குள்ள உக்காந்துட்டாங்க. எழும்ப மாட்டேங்காங்க. எல்லாம் கிளியர்னு நீங்கதான சொன்னிய?"

பேசியது ஷைனி. குவைத்தில் நர்ஸ். வீட்டுக்கு அஸ்திவாரம் போட இரண்டு மாத லீவில் வந்திருந்தாள். புதுக்கடை ஊர்ப் பக்கம் அந்த எட்டு சென்ட் விளையை ஜெபராஜ் என்பவனிடமிருந்து அவள் வாங்கியபோது கிரயப் பத்திரம் எழுதியது நான்தான்.

"யாரையும் அடிச்சு பிடிச்சு எழுப்பாண்டாம். நான் வாறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

2. அந்தச் சொல்

பத்திரம் எழுதுகிற எங்கள் மேசையில் அதிகம் புழங்கும் சொல் கிளியர்தான். வில்லங்கம் கிளியர். பட்டா கிளியர். வரி பாக்கி கிளியர். வாங்குகிறவர் கொடுத்த செக் கிளியர். வெளியே வந்தாலும் அதேதான். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு கிளியர் என்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் அரியர் கிளியர் பண்ணி லட்டு கொடுக்கிறான். ஜவுளிக்கடையில் ஸ்டாக் கிளியரன்ஸ். போனில் பேசினால் 'வாய்ஸ் கிளியரா இல்ல'.

தமிழில் இதற்கெல்லாம் தனித்தனி வார்த்தை இருக்கிறது. கடன் தீர்ந்தது என்றால் எந்தக் கடன் என்று கேட்கலாம். தடை இல்லை என்றால் யார் தடை என்று கேட்கலாம். கிளியர் என்று சொல்லிவிட்டால் கேள்வி அடங்கிவிடும். அதனால் யார் அப்படிச் சொன்னாலும் எனக்குச் சந்தேகம்தான். முப்பத்தைந்து வருஷத்தில் ஆள் மாறாட்டக்காரன், போலி வாரிசு, செத்துப்போனவர் கையெழுத்தோடு வந்தவன் எல்லாரையும் பார்த்திருக்கிறேன். ஆளை நம்ப மாட்டேன். பேப்பரை நம்புவேன். ஜெபராஜின் பேப்பரில் ஒரு குறையும் இல்லை. தாய் தங்கபாய் மகனுக்கு எழுதிக் கொடுத்த செட்டில்மென்ட், அவன் பெயரில் பட்டா, ஆன்லைனில் எடுத்த வில்லங்கச் சான்று. எல்லாம் கிளியர் என்று ஷைனியிடம் சொன்னேன். இடத்தைப் போய்ப் பார்க்கவில்லை.

3. வாழை மூடு

குழிக்குள் இருந்தது அந்தத் தங்கபாய்தான். வெள்ளைச் சேலை, மடியில் பைபிள். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து நேரே வந்திருக்கிறார். கொத்தனார்கள் மண்வெட்டியை வைத்துவிட்டு பீடி பற்றவைத்திருந்தார்கள்.

ஷைனியைத் தனியாகக் கூப்பிட்டேன். "அம்மையும் மவனும் சேந்து போடுத நாடகம் இது. இன்னும் ஏதாவது பிடுங்கலாம்னு பாக்காவ. ஒரு பைசா குடுக்காத. போலீசுக்குப் போன் போடு" என்றேன்.

ஷைனி போன் போடவில்லை. குழி ஓரத்தில் குந்தி உட்கார்ந்து கேட்டாள்: "அம்மா, உங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் மக்ளே. எனக்க மாப்பிள இங்க கெடக்காரு. அவரு மேல வீடு கட்டாத."

எங்கள் பக்கத்தில் புருஷனை மாப்பிள என்பார்கள்; சொந்த விளையிலேயே கல்லறை வைப்பதும் உண்டு. ஆனால் இங்கே கல்லறையும் இல்லை, சிலுவையும் இல்லை. நாலு மூடு வாழைக் கன்றுதான் நின்றது. சரி, நாடகத்தின் சாயம் இப்போது வெளுத்துவிடும் என்று நினைத்து, தங்கபாய் கைகாட்டிய இடத்தில் மேல் மண்ணை மட்டும் வழிக்கச் சொன்னேன்.

ஒரு சாண் ஆழத்தில் சிமென்டுக் குருசு கிடந்தது. இரண்டாக உடைந்திருந்தது. பெயரும் பிறந்த வருஷமும் வாசிக்க முடிந்தது. கல்லறையைப் பெயர்த்து எடுத்து, மண்ணை மூடி, மேலே வாழை நட்டிருக்கிறான் மகன். அவனுக்குப் போன் போட்டேன். துபாய் நம்பர், எடுக்கவில்லை.

"இத வித்தது உங்களுக்குத் தெரியாதா?" என்று தங்கபாயிடம் கேட்டேன்.

"விசாவுக்கு பேங்க்ல லோன் எடுக்கணும், ஒரு கையெழுத்துப் போடுன்னான். ஒமக்க கடைக்குத்தான வந்தேன். நான் கண்ணாடிய எடுத்தேன், வாசிச்சுப் பாக்கலாம்னு. எல்லாம் கிளியரா இருக்கு, போடுங்கன்னு சொன்னது நீருதான்."

எனக்கு ஞாபகம் இருந்தது. அந்தச் செட்டில்மென்டை எழுதியதும் நான்தான். அன்றைக்குக் கடையில் கூட்டம். வெளியே அடுத்த ஆட்கள் நின்றார்கள். அவர் பையைத் திறந்து கண்ணாடிக் கூட்டைத் தேடியபோது எனக்கு எரிச்சல் வந்தது.

4. மறுபடியும் மேசை

அடுத்த வாரம் ஷைனி பார்க்க வருவதாகச் சொன்னாள். வக்கீல் நோட்டீஸ்தான் என்று முடிவு பண்ணி, கடையைப் பூட்டிவிட்டுப் போகலாமா என்றுகூட யோசித்தேன். அவள் தங்கபாயைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

"அண்ணா, ரெண்டு சென்ட் அம்மா பேருக்கு எழுதுங்க. ரோட்டுல இருந்து நடைபாதையும் சேத்து. வீட்டு பிளான மாத்தியாச்சு."

"சும்மாவா?" என்று கேட்டேன். அப்போதும் எனக்குப் புத்தி அப்படித்தான் போனது.

"சும்மாதான். நான் ஆஸ்பத்திரில வேலை பாக்கவ அண்ணா. ஒருத்தரு கெடக்க எடத்துல எனக்கு ஒறக்கம் வராது."

தானப் பத்திரம் எழுதினேன். கூலி வாங்கவில்லை. தானத்தை ஏற்றுக்கொண்டதாகத் தங்கபாயும் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"ரெண்டு சென்ட் உங்களுக்குச் சொந்தம்னு..."

"நீரு சொல்லாண்டாம். அவ வாசிக்கட்டு."

ஷைனி வாசித்தாள். இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவளுக்கு என் பத்திரத் தமிழ் நாக்கில் புரளவில்லை. 'இதனடியிற் கண்ட சொத்து' என்ற இடத்தில் மூன்று தடவை தடுக்கினாள். தங்கபாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிக்கு வரி விரலை வைத்து, இதுக்கு என்ன அர்த்தம், அதுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். அவளுக்குத் தெரியாததை அவள் என்னிடம் கேட்டு, அவருக்குச் சொன்னாள். முடிந்ததும், "ஆதியில இருந்து இன்னொரு மட்டம் வாசி" என்றார். வெளியே ஆட்கள் நின்றார்கள். நிற்கட்டும் என்று இருந்தேன். எனக்கு அவமானமாக இருந்தது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். இடத்தைக் காலால் மிதித்துப் பாருங்கள். பத்திரத்தை எழுதினவன் வாசித்தால் போதாது. கையெழுத்துப் போடுகிறவருக்கு வேண்டப்பட்ட ஒருவரை வாசிக்க விடுங்கள். அதற்குப் பொறுமை இல்லாதவன் வேறு வேலை பார்க்கலாம்.

தங்கபாய் கையெழுத்துப் போட்டார். பதிவு முடிந்து படியிறங்கும்போது ஆறுதலாக இருக்கட்டும் என்று, "இனி ஒங்கள அங்கேருந்து யாரும் எழுப்ப முடியாதும்மா" என்றேன்.

அவர் ஷைனியைப் பார்த்துக் கேட்டார்: "இவரு சொல்லது நெசமா மக்ளே?"