ஜன்னலைச் சாத்திவிட்டு அடித்த பெயின்ட்

எல்லாம் என் வீட்டுச் சுவரால் வந்த வினை. மகளின் நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தியம்மாள் கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். எழுந்தபோது பட்டுப்புடவையின் முதுகு முழுக்கச் சுண்ணாம்பு. “பரவால்ல, தட்டுனா போய்டும்” என்றுதான் சொன்னார், பாவம். ஆனால் தட்டிக்கொண்டே இருந்தார். வாசலில் தட்டினார், வேனில் ஏறும்போதும் தட்டினார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதனால், மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்ததும் நான் முதலில் நினைத்தது சுவரைத்தான். முதல் பிரசவம் தாய் வீட்டில். ஏழாம் மாசம் வளைகாப்பு முடிந்து அவளை அழைத்து வரும்போது சம்பந்தியம்மாளும் கூட வருவார். எங்கே வேண்டுமானாலும் சாயட்டும், ஒரு பொட்டு ஒட்டக் கூடாது. பளபளவென்று ஆயில் பெயின்ட் அடித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். அவள் அப்பா போய் ஆறு வருஷம். அவள் கல்யாணமாகி பாகூர் பக்கம் போய் மூன்று வருஷம். நான் திருக்கனூருக்குப் பக்கத்தில், கழனியை ஒட்டிய கடைசி வீட்டில் இருக்கிறேன். பஸ் மாறிப் போய் அவளைப் பார்த்துவிட்டுச் சாயங்காலமே திரும்பிவிடுவேன். பெண் கொடுத்த வீட்டில் தங்குகிற பழக்கம் எங்களிடம் இல்லை. திரும்பி வந்து பூட்டைத் திறந்தால், காலையில் நான் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிரசவத்துக்கு முன்னால் இரண்டு மாசம், பின்னால் மூன்று மாசம். ஐந்து மாசம் அந்த வீட்டில் இன்னொரு குரல் கேட்கும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பெயின்டர் ஒருவர் ஒரு மாசம் இழுத்தடித்தார். எப்போது போன் போட்டாலும் “நாளிக்கி வந்துட்றேன்க்கா.” அந்த நாளிக்கி வரவே இல்லை. “நீ ஒண்ணும் வர வேணாம், போ” என்று போனை வைத்துவிட்டு நானே ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் என்னைத் தெரிந்தவர். “வூட்டுக்குள்ள ஆயில் பெயின்ட் இன்னாத்துக்கு டீச்சர்? லேசுல வாசம் போவாது” என்றார். நான் பிடிவாதமாக நிற்கவும், “அப்ப ஜன்னல், கதவு எல்லாத்தையும் தொறந்து வச்சி அடிங்க. மூக்கக் கட்டிக்குங்க. தல சுத்துனா ஒடனே வெளிய வந்துடுங்க. புள்ளத்தாச்சி யாராவது இருந்தா கிட்டயே வுடாதீங்க” என்றார்.

நான் பால்வாடி டீச்சர். ஊரிலிருக்கிற பிள்ளைத்தாய்ச்சிகளுக்கெல்லாம் மாசாமாசம் புத்தி சொல்கிறவள். எனக்கே சொல்ல வந்துவிட்டாரா என்று எரிச்சலாக இருந்தது. “அதெல்லாம் எனக்குத் தெரியும்பா, டப்பாவ எடு” என்றேன்.

தெரிந்தபடிதான் ஆரம்பித்தேன். ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு பழைய சுண்ணாம்பைச் சுரண்டினேன், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், பள்ளங்களை நிரவிப் பட்டி பார்த்தேன். ஜன்னல்கள் எல்லாம் திறந்தே இருந்தன. முதல் சுவரை அடித்து முடித்த அன்று பக்கத்துக் கழனியில் நெல் அறுக்கிற மெஷின் இறங்கியது. வைக்கோல் தூசும் சுணையும் புகையாகக் கிளம்பி நேராக உள்ளே வந்தது. ஈரம் காயாத சுவரில் அத்தனையும் ஒட்டி, சுவர் பூனை முதுகு மாதிரி ஆகிவிட்டது. ஐயோ என் உழைப்பே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அதைத் தேய்த்தெடுத்து மறுபடி அடித்தேன். இந்த முறை ஜன்னல்களைச் சாத்தி, இடுக்கில் பழைய புடவையைத் திணித்துவிட்டு அடித்தேன். மூச்சு முட்டியதால் மூக்குத் துண்டையும் அவிழ்த்துப் போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைசிச் சுவர். முக்காலியில் நின்று மேலே அடித்துக்கொண்டிருந்தபோது காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது. அப்புறம் சுவர் சாய்ந்தது. எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை, தரையில் உட்கார்ந்திருந்தேன். கால் எழவில்லை. தவழ்ந்தே தோட்டத்துப் பக்கம் போய்த் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்துவிட்டு அப்படியே படுத்தேன். மெஷின் சத்தத்தில் நான் கூப்பிட்டாலும் யாருக்கும் கேட்காது. உள்ளேயே விழுந்திருந்தால்? மறுநாள் பால்வாடி திறக்காமல் பிள்ளைகள் வாசலில் நின்று, அப்புறம் யாராவது தேடி வந்தால்தான் உண்டு. அதை நினைத்ததும் அழுகை வந்தது. வாய்விட்டே அழுதேன்.

அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள்.

“இன்னாம்மா, கொரலு ஒரு மாரி இருக்குது?”

“தூங்கினு இருந்தேன்டி.”

“சாப்டியா?”

“சாப்டேன், சாப்டேன். நீ சாப்டு.”

சாப்பிட்டிருக்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் மிச்சச் சுவரையும் முடித்தேன். என் திமிர் அப்படி.

மூன்றாம் நாள் வளைகாப்பு. ஒரு வாரமாக அந்தக் காற்றிலேயே படுத்து எழுந்ததில் என் மூக்குக்கு வாசம் மரத்துப் போயிருந்தது. போயே போய்விட்டது என்று நினைத்தேன். தூசு வருமே என்று ஜன்னல்களைச் சாத்தியபடியே பூட்டிக்கொண்டு விடியற்காலையில் பாகூருக்குக் கிளம்பினேன்.

அங்கே எல்லாரும் அவளுக்கு வளையல் போட்டார்கள். நான் போடவில்லை. தாலி அறுத்தவள் போடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, நானே பின்னால் போய் நின்றுகொண்டேன். போகட்டும், இன்னும் சற்று நேரத்தில் அவள் என் வீட்டுக்கு வரப்போகிறாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

மத்தியானம் காரில் வந்து இறங்கினோம். தெருமுனை வீட்டு அக்கா ஆரத்தித் தட்டோடு தயாராக நின்றார். நான் முன்னால் ஓடிக் கதவைத் திறந்தேன். நெடி முகத்தில் அறைந்தது. காலையிலிருந்து நல்ல காற்றில் இருந்துவிட்டு வந்த மூக்கு. கண் எரிந்து நீர் கொட்டியது. திரும்பினேன். ஆரத்தி முடிந்து, மகள் வலது காலைத் தூக்கிப் படியில் வைக்கிறாள்.

“உள்ள வராதடி!” என்று கத்தினேன்.

அக்கா கையில் தட்டு ஆடியது. மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குமட்டினாள். சம்பந்தியம்மாள் அவளைப் பிடித்து வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனார். திரும்பி வந்து வாசலில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்தார். “சொவரு சூப்பரா இருக்குது சம்மந்தி” என்றார். கிண்டல் இல்லை, மனசாரத்தான் சொன்னார். பிறகு மெதுவாக, “இதுல புள்ளய எப்டி வுட்றது?” என்றார்.

பால்வாடியில் எவளாவது கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ அதையே சொன்னேன். “நீங்களே கூட்டினு போய்டுங்க.”

காரில் ஏறிய மகள் கண்ணாடியை இறக்கினாள். “நீ எங்கம்மா படுப்ப?”

“உள்ளதான். எனக்கு இன்னா?”

“ஏன், உனக்கு மட்டும் ஒண்ணும் ஆவாதா?”

அந்த நெடி என்னை என்ன செய்யும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. சம்பந்தியம்மாள் நகர்ந்து இடம் விட்டு, “நீங்களும் ஏறுங்க சம்மந்தி” என்றார்.

“பொண்ணு வூட்ல வந்து குந்திக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்?” என்றேன்.

“அட, சும்மா ஏறுங்க.”

நான் கதவைச் சாத்தி, “போய்ட்டு வாங்க” என்றேன்.

வாசம் அடங்க இருபது நாளுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் டாக்டர் மகளை எங்கேயும் அலையக் கூடாது என்று சொல்லிவிட்டார். பேரன் அங்கேயே பிறந்தான், பச்சை உடம்போடு அலைய வேண்டாம் என்று அவளும் அங்கேயே இருந்துவிட்டாள். நான் காலையில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பினேன்.

சம்பந்தியம்மாள் அன்று இரண்டு தரம் கூப்பிட்டார். இன்னொரு தரம் கூப்பிட்டிருந்தால் ஏறியிருப்பேன்.