நஞ்சுக்கொடியை யாரிடம் கேட்டோம்?

1. காலியாக வந்த ஆம்புலன்ஸ்

ஜோகூரில் ஒரு மாவட்ட மருத்துவமனைக்கு நான் மேட்ரனாகப் பொறுப்பேற்ற புதிது. காஹாங் பக்கத்து ஓராங் அஸ்லி பழங்குடிக் கிராமத்துக்குப் போன ஆம்புலன்ஸ் காலியாகத் திரும்பி வந்தது. டிரைவர் முருகேசு நேராக என் அறைக்கு வந்து நின்றார்.

"அலமாக், மேட்ரன்! கெஞ்சிப் பாத்துட்டேன். புருசன் ஏறச் சொல்றான், அந்தப் பொண்ணு ஏற மாட்டேங்குது. ஆஸ்பத்திரின்னாலே கதவைச் சாத்திக்குது."

அந்தப் பெண்ணின் பெயர் சூரி. எட்டு மாதக் கர்ப்பிணி. பிரஷர் ஏகத்துக்கு ஏறியிருந்தது, காலெல்லாம் வீக்கம். இந்த நிலையில் வீட்டில் பிரசவம் என்றால் எந்த நிமிடமும் ஃபிட்ஸ் வரலாம். தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம்.

லேபர் வார்டுப் பொறுப்பாளர் சிஸ்டர் பிலோமினாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அவங்க எப்பவும் இப்படித்தான் லா, மேட்ரன். காட்டை விட்டு வர மாட்டாங்க. நாம என்ன செய்ய முடியும்?"

எனக்கு வந்ததே கோபம்! "சிஸ்டர், மொதப் பிள்ளைய அவ இங்கதான் பெத்திருக்கா. அப்ப வந்தவ இப்ப ஏன் வரல? அதச் சொல்லுங்க."

 

2. வாய் திறக்காத நர்ஸ்

எங்கள் மருத்துவமனையில் இருந்த ஒரே ஓராங் அஸ்லி ஸ்டாஃப் நர்ஸ் லீனா. படித்துத் தேறி வந்த பெண்ணை வெளிநோயாளர் கவுண்டரில் நம்பர் கூப்பிட உட்கார வைத்திருந்தார்கள். அவளை லேபர் வார்டுக்கு மாற்றலாம் என்று நான் சொன்னபோது, "வாயே தொறக்க மாட்டா, அங்கெல்லாம் சரிப்பட்டு வர மாட்டா" என்று பிலோமினா தட்டிக் கழித்தார். மூன்று மொழியில் சத்தம் போடுகிற ஆட்கள் அந்த வார்டில் ஏற்கெனவே தாராளமாக இருந்தார்கள். ஆர்டர் போட்டு மாற்றிவிட்டேன். அவள் அங்கே சேர்ந்த வாரத்தில்தான் இந்தச் சங்கதி.

லீனாவை அழைத்துக்கொண்டு முருகேசுவின் வண்டியில் நானே கிளம்பினேன். செம்பனை எண்ணெய்த் தோட்டம் தாண்டினோம். அவள் மெல்லக் கேட்டாள். நாங்கள் பேசியது மலாயில், இங்கே தமிழில் தருகிறேன்.

"மேட்ரன், பிரசவம் ஆனதும் மலாய்க்காரங்ககிட்ட மட்டும், நஞ்சுக்கொடி எடுத்துட்டுப் போறீங்களான்னு கேக்கிறோம். மத்தவங்ககிட்ட ஏன் கேக்கிறதில்ல?"

 அதை வீட்டுப் பக்கம் புதைப்பது மலாய்க்காரர் வழக்கம் என்று எல்லா நர்ஸுக்கும் தெரியும். அதனால் முகத்தைப் பார்த்து, பெயரைப் பார்த்து அவர்களிடம் கேட்பார்கள். மற்றவர்களுடையது மஞ்சள் கழிவுப் பைக்குள் போய்விடும். எந்த விதியும் அப்படிச் சொல்லவில்லை. பழக்கம், அவ்வளவுதான்.

ஏன் வர மறுக்கிறாய் என்று கேட்டதும், சூரி வாசலில் நின்றபடியே பொரிந்து தள்ளினாள். "நஞ்சுக்கொடி பிள்ளையோட கூடப் பொறந்தது. மொதப் பிரசவத்தப்ப என் மாமியார் குழி தோண்டி வச்சுக் காத்திருந்தாங்க. நீங்க குப்பையில போட்டீங்க. அந்தப் பிள்ளை இன்னைக்கும் தூக்கத்துல அழுவுது."

அழுகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல என் நாக்கு துடித்தது. லீனா என் கையைத் தொட்டாள். அடக்கிக்கொண்டேன். அவர்களுடைய பேச்சில் லீனா ஏதோ சொன்னாள். சூரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவங்க கொடுப்பாங்களா?"

"என் கையாலயே கொடுக்கிறேன்" என்றேன். வண்டியில் ஏறினாள்.

3. கொடுத்த வாக்கு

மருந்து கொடுத்து பிரஷரை இறக்கி, வலி வரவழைத்தோம். பெண் குழந்தை. ஃபிட்ஸ் வரவில்லை, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் டாக்டர், "பிரஷர் கேஸ். நஞ்சுக்கொடிய லேபுக்கு அனுப்புங்க" என்றார்.

வாயே திறக்காத லீனா திறந்தாள். "கொடுக்கிறதா சொல்லித்தான் கூட்டிட்டு வந்தோம், டாக்டர். இப்பவும் கொடுக்கலன்னா இனிமே எங்க ஆளுங்க யாரும் வர மாட்டாங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார்.

"ரிசல்ட் வந்தா மருந்த மாத்துவீங்களா, டாக்டர்?"

"இல்ல... ரெக்கார்டுக்குத்தான்."

"அப்ப நல்லா பாத்து இங்கயே எழுதிக்குங்க."

பார்த்து எழுதிக்கொண்டார். லீனா கழுவி, உப்பிட்டுக் கட்டினாள். சூரியின் கணவரிடம் நான் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து எல்லாத் தாய்மார்களிடமும் கேட்கச் சொன்னேன். வேலைக்கு மேல் வேலை என்று முணுமுணுத்த பிலோமினா, முதலில் கேட்டது ஒரு தமிழ்ப் பெண்ணிடம். அவள், "எங்களுக்கும் குடுப்பீங்களா, சிஸ்டர்?" என்று எழுந்தே உட்கார்ந்துவிட்டாளாம். "நம்மாளுங்களுக்கும் வேணுமாம், மேட்ரன்" என்று என்னிடம் வந்து சொன்னபோது பிலோமினாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

இளம் தாதியருக்கு ஒன்று சொல்வேன். எல்லாரையும் ஒரே மாதிரி கவனிக்கிறோம் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் கேள்வியையே சிலரிடம்தான் கேட்கிறோம். லீனாவைக் கவுண்டரிலேயே விட்டிருந்தால் அது எங்கள் கண்ணில் பட்டிருக்காது. எல்லாச் சமூகத்து ஆளும் வார்டுக்குள் வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் நான் சண்டை போட்டது இதனால்தான்.

சில மாதம் கழித்து, அதே கிராமத்துக்குப் போன முருகேசு போன் செய்தார்.

"மேட்ரன், ஒருத்தரத்தான் ஏத்தச் சொன்னீங்க. இங்க மாசமா இருக்கிற பொண்ணுங்க ரெண்டு பேரு ஏறி உக்காந்திருக்காங்க. ஒண்ணு சூரியோட நாத்தனாராம். ஆளுக்கொரு ஆயர் ஈத்தாம் மண்சட்டி மடியில வச்சிருக்காங்க, மூடியோட, நஞ்சுக்கொடிக்காம். லீனா டியூட்டியான்னு வேற கேக்கிறாங்க. என்ன செய்ய?"



"கூட்டிட்டு வாங்க, முருகேசு. மெதுவா ஓட்டுங்க, சட்டி உடைஞ்சிடப் போவுது" என்றேன்.