சால்வையின் இறுக்கமான பாதி

மூன்று லோரி, செராஸில் இரண்டு வீடு, சுங்கை பூலோவில் பூச்செடித் தோட்டம், பிரிக்ஃபீல்ட்ஸில் சொந்தப் பட்டறை. எல்லாம் இந்தக் கையால் வந்தவை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. என் எழுத்தைப் பார்த்தால் கோழி கிளறியது போல இருக்கும். இந்தக் கணக்கில் எல்லோரும் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. அரைச் சால்வை.

அது ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலம். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் நானும் தங்கையும்தான். எனக்கு ரயில் பட்டறையில் வேலை. தங்கைக்குக் கிள்ளானிலிருந்து நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா போட்டது ஒரே நிபந்தனை: பெண்ணுக்குக் கைவேலை தெரிந்திருக்க வேண்டும், பார்க்க வரும்போது அவள் செய்த ஒன்றைக் காட்ட வேண்டும். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து டீச்சரம்மாதான் அவளுக்குப் பின்னல் சொல்லிக் கொடுத்தார்.

"சால்வை ஒண்டு பின்னு பிள்ளை, கரையில லேஸ் வைச்சு."

கம்பளி நூலுக்கு எங்கே போவது? யாரோ ஒரு துரை விட்டுவிட்டு ஓடிய இரண்டு ஸ்வெட்டரை மரவள்ளிக் கிழங்கு கொடுத்து வாங்கிப் பிரித்தேன். ஊசியும் நானே செய்தேன், சைக்கிள் சக்கரக் கம்பியை அறுத்து, முனையைத் தேய்த்து. நூல் எவ்வளவுக்குக் காணும் என்று தெரியாததால் டீச்சரம்மா குறுக்குவாட்டில் பின்னச் சொன்னார். ஒரு மூலையில் நாலைந்து கண்ணியில் தொடங்கி அகலித்துக்கொண்டே போக வேண்டும். பாதி நூல் தீர்ந்ததும் அதேபோலக் குறைத்து மறு மூலையில் முடிக்க வேண்டும். லேஸ் கரையும் கூடவே வளரும்.

லேஸில்தான் தகராறு. தங்கை எண்ணிக்கையில் தவறிக்கொண்டே இருந்தாள். நான் எண்ணுகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்தேன். பட்டறையில் தினமும் வரிசையில் நின்று ஜப்பான் பாஷையில் எண்ண வேண்டும், தடுமாறினால் அறை விழும். அதனால் எனக்கு அதுதான் வாயில் வந்தது.

"இச்சி, நீ, சான், சீ... இச்சி, நீ, சான், சீ..."

காலை முழுக்க எண்ணினேன். மதியம் பார்த்தால் லேஸ் ஒரு விரல்கூட நகரவில்லை.

"என்ன புள்ள பண்ற?"

"நீங்கதானே மூச்சுக்கு மூச்சு ‘சீ, சீ’ன்னு திட்டுறீங்க! தப்பாப் போச்சுன்னு பிரிச்சுப் பிரிச்சுப் போடுறேன்."

"அடிப்பாவி, சீன்னா நாலு!"

"அப்ப ‘நீ’?"

"ரெண்டு!"

"என்னைத்தான் சொல்றீங்கன்னு இருந்தேன்ணே!"

வேலிக்கு அந்தப் பக்கம் டீச்சரம்மா சிரித்த சிரிப்பில் அவர் வீட்டுக் கோழியெல்லாம் ஓடிவிட்டது.

ஒருவழியாகப் பாதிச் சால்வை ஆனது. அதற்குள் கம்பி முனை குத்தித் தங்கையின் விரல் வீங்கிவிட்டது. அவ்வளவு கூராகத் தேய்த்திருந்தேன், வேலை என்றால் அப்படித்தான். கிள்ளான்காரர்கள் வர ஒரு வாரமே இருந்தது.

"வரவேணாம்னு சொல்லிடுங்கண்ணே" என்று அழுதாள்.

"குடு இங்க" என்று வாங்கினேன். பார்த்தே கற்றுக்கொண்டிருந்தேன். வேலை விட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, இச்சி, நீ என்று எண்ணியபடி, மறுபாதி முழுவதையும் ஆறே நாளில் முடித்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா சால்வையை மடியில் விரித்து விரலால் தடவிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் கொஞ்சம் தொளதொளன்னு இருக்கும்மா. ஆனா இந்தப் பாதியப் பாரு, ஒவ்வொரு கண்ணியும் அச்சுல வார்த்த மாதிரி! எப்படிம்மா?"

"பின்னப் பின்னப் பழகிருச்சுங்க" என்றாள் தங்கை, தலை நிமிராமல்.

நான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற டீச்சரம்மா என் காலை நன்றாக மிதித்தார். அன்றைக்கே கல்யாணம் நிச்சயமானது.

சால்வை இன்றும் கிள்ளானில் தங்கை வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. "எங்க அம்மா பின்னுனதுலா!" என்று அவள் பிள்ளைகள் வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார்கள். உண்மையைச் சொல்லேன் என்று தங்கையிடம் கேட்டால், "விடுங்கண்ணே, இந்த வயசுல" என்கிறாள். ஏன் விட வேண்டும்? கல்யாணம் நின்றுவிடக் கூடாதே என்றுதான் அன்று பேசாமல் இருந்தேன். இனி யாரும் அவளைத் திருப்பி அனுப்பப் போவதில்லை. அவள் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: அலமாரியில் ஓர் அட்டை வையுங்கள். நடுவிலிருந்து அந்த இறுக்கமான மூலை வரை, லேஸ் உட்பட, அண்ணன் பின்னியது என்று எழுதுங்கள். பெரிய எழுத்தில்.