‘பைத்தான் இல்லை’ என்று வந்த காலை

அந்த ஆபீஸில் நான் சேர்ந்த முதல் வாரமே, மேலாளர் ஜீப் டிரைவரைக் கன்னத்தில் அறைந்ததைப் பார்த்தேன். வழியில் டயர் பஞ்சரானதற்காக. டிரைவர் பஞ்சரான டயரை உருட்டிக்கொண்டு ஒட்டப் போனார். நான் தலையைக் குனிந்துகொண்டு டைப் அடித்தேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. சோளக்காடு என்ற மலையூரில், பஸ் நிற்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து ஒரு தனியார் அமைப்பு ஆபீஸ் நடத்தியது. மலைக் கிராமங்களில் உள்ள ஊற்றுகளையும் கிணறுகளையும் அளந்து வரைபடமாக்குவதுதான் வேலை. மேலாளர் சென்னையிலிருந்து வந்தவர். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள நான். ஆபீஸைப் பார்த்துக்கொள்ள ஆலத்தூர் நாடு என்ற மலைக் கிராமத்திலிருந்து வரும் ஓர் அண்ணன், நாற்பது வயதிருக்கும். மரவள்ளியும் சாமையும் போட்டிருந்தார். காலையில் காட்டைப் பார்த்துவிட்டு நடந்தே வந்து ஆபீஸைக் கூட்டித் துடைப்பார், ஜெனரேட்டரை ஓட்டுவார், டீ போடுவார். எங்கள் வரைபடத்தில் இருந்த ஊற்றுகளில் பாதி அவர் கூட்டிப்போய்க் காட்டியவை. அந்த விஷயத்தை மேலாளர் எந்த அறிக்கையிலும் எழுதியதில்லை.

என் வீடு மலையடிவாரத்தில், காரவள்ளிக்குப் பக்கத்தில். அப்பா சொந்த நிலத்தில் விவசாயம் செய்தார். தினமும் முதல் பஸ்ஸில் மலையேறி, சாயங்கால பஸ்ஸில் இறங்குவேன். “உன்னையப் பத்தி ஏதாச்சும் ஒரு பேச்சு வந்துச்சுன்னு வெச்சுக்க, மறுநாளே நிறுத்திப்போடுவேன்” என்று சொல்லித்தான் அப்பா அனுப்பினார். நிறுத்தினால் அடுத்தது கல்யாணம். மாப்பிள்ளைகூடப் பார்த்து வைத்திருந்தார்கள். எனக்கு அந்த வேலை எப்படியாவது வேண்டும்.

மேலாளர் என்னை அடித்ததில்லை. பொம்பளைமேல் கை வைக்க மாட்டேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். ஆனால் கையில் கிடைத்ததை எறிவார். ஒருமுறை ஸ்டேப்ளர் பறந்து வந்து என் தோளில் பட்டது. ஒரு வாரம் கன்றிப்போயிருந்தது. படியில் இடித்துக்கொண்டதாக அம்மாவிடம் சொன்னேன்.

அந்த ஐப்பசியில், வரைபடம் வரைவதற்கான இலவச மென்பொருள் ஒன்று பெங்களூரிலிருந்து சி.டி.யில் வந்தது. அப்படியே ஓடாது. மூலநிரலாகத்தான் இருக்கும், நம் கம்ப்யூட்டரிலேயே அதை ஓடக்கூடிய மென்பொருளாகக் கட்டி எடுக்க வேண்டும். கட்டுவதற்கு முன் அது ஒரு சோதனை நடத்தும். இந்தக் கம்ப்யூட்டரில் எனக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடும். திரையில் வரி வரியாக ஓடும்: இது இருக்கிறதா, இருக்கிறது, அது இருக்கிறதா, இருக்கிறது. ஒன்றுக்கு ‘இல்லை’ என்று வந்துவிட்டால் அங்கேயே நின்றுவிடும். அது தேடுகிறவற்றில் ஒன்று பைத்தான். அது ஒரு கணினி மொழி. அந்த மொழியில் எழுதியதை வாசித்து இயக்குகிற நிரல் கம்ப்யூட்டரில் இருந்தாக வேண்டும்.

எங்களிடம் இருந்தது, பழைய பதிப்பு. மென்பொருள் புதியதைக் கேட்டது. செவ்வாய்க்கிழமை காலை புதியதை என்னுடைய கோப்புறைக்குள் ஏற்றினேன். டிஸ்க் நிரம்பி வழிந்ததால் பழையதை அழித்தேன். எதையும் அழிக்கக் கூடாது என்பது மேலாளரின் கண்டிப்பான உத்தரவு. புதியது வேலை செய்ததால் அவரிடம் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன். நான் யோசிக்காமல் விட்டது ஒன்றுதான். என் பெயரில் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தால் பைத்தான் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியும். அவர் பெயரில் நுழைந்தால் பழைய இடத்தில் மட்டுமே தேடும்.

புதன்கிழமை காலை அவரே நாற்காலியில் உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை நிதி கொடுப்பவர்கள் பார்க்க வருவதாக இருந்தது. “நானே ஏத்துறேன், நீ தள்ளு” என்று தன் பெயரில் நுழைந்து சோதனையை ஓடவிட்டார். நான் பக்கத்தில் நின்றேன். வரிகள் ஓடின. பைத்தான் இருக்கிறதா எனத் தேடியது. இல்லை என்று சொல்லி நின்றது.

“முந்தாநாள் நானே பார்த்தேனே. இருந்துச்சுல்ல?”

“ஆமாங்க சார்.”

“அப்புறம் எங்க போச்சு? யாரு கை வச்சது?”

அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணன் எழுந்து நின்றார்.

“நேத்து அம்மிணி போனதுக்கப்பறம் இடி பயங்கரமா இடிச்சுதுங்க. இதுக்கு ஏதாச்சும் ஆயிரப்போவுதுன்னு நாந்தானுங்க ஒயரைப் புடுங்கிவுட்டேன்.”

“ஓடிட்டிருக்கும்போதேவா?”

“ஆமாங்க.”

மேலாளர் எழுந்தார். மேசைக்குக் கீழே கிடந்த உபரி பவர் ஒயரை எடுத்துக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றினார். பிளக் இருந்த முனை தொங்கியது. முதல் அடி முதுகில் விழுந்தது. அண்ணன் “சார், சார்” என்றார். இரண்டாவது கையில். மூன்றாவது மறுபடி முதுகில். சட்டை கிழிந்தது. நான்காவது கழுத்தில். ஐந்தாவது அடியில் பிளக் அவருடைய இடது காதில் போய் மோதியது. ஈர மரத்தில் கல் பட்டது போன்ற சத்தம். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இவ்வளவு சரியாகச் சொல்ல முடிகிறது. வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்ல ஐந்து அடிகளின் நேரம் எனக்குக் கிடைத்தது.

மேலாளர் அவர் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப்போனார். வெளியே உதைக்கும் சத்தம் கேட்டது. பஸ்ஸுக்கு நின்றவர்களும் மிளகு விற்க வந்தவர்களும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். நான் பார்க்கவில்லை. காலியான நாற்காலியில் உட்கார்ந்து, பைத்தான் இருக்கும் இடத்தின் முழு முகவரியையும் கொடுத்து, சோதனையை மறுபடி ஓடவிட்டேன். ஒரே ஒரு வரி. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பைத்தான் இருக்கிறது என்று வந்தது. மற்ற வரிகளும் ஓடி முடிந்தன. அதன் பிறகுதான் என் குரல் வெளியே வந்தது.

“சார், வந்துருச்சுங்க சார்!”

அவர் மூச்சு வாங்க உள்ளே வந்தார். சட்டைக் கையில் ரத்தம் தெறித்திருந்தது. திரையைப் பார்த்தார்.

“எப்படி வந்துச்சு?”

“மறுபடியும் ஓட்டிப் பார்த்தேங்க சார்.”

“பார்த்தியா? அடி விழுந்தாத்தான் இங்க எல்லாம் சரியாவுது” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

அண்ணனை நான்தான் பஸ்ஸில் ஏற்றி மலையிறக்கினேன். மேலாளர் ஜீப்பைக் கொடுக்கவில்லை. எழுபது வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அவர் தலை ஜன்னல் கம்பியில் இடித்தது. நான் துண்டை மடித்துக் கொடுத்தேன். காதிலிருந்து ரத்தமும் நீருமாக வடிந்து துண்டு ஊறியது. இரண்டு முறை வாந்தியெடுத்தார். கண்டக்டர் திட்டிக்கொண்டே மண்ணைக் கொண்டுவந்து போட்டார். பாதி மலை இறங்கியபோது அண்ணன் என் பக்கம் திரும்பினார். ஒரு காது அடைத்துப்போனதால் சத்தமாகப் பேசினார். பஸ் முழுக்கக் கேட்டது.

“ஏனுங்க அம்மிணி, நெசமாலுமே நான் புடுங்குனதுனாலதான் கெட்டுப்போச்சுங்களா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“தெரியலீங்க அண்ணா” என்றேன்.

பஸ் இரைச்சலில் அவருக்குக் கேட்டிருக்காது. உதட்டசைவைப் பார்த்துத் தலையாட்டினார். நாமக்கல் ஆஸ்பத்திரியில் கழுத்தில் தையல் போட்டார்கள். செவிப்பறை கிழிந்துவிட்டது, இனி அந்தக் காது கேட்பது கஷ்டம் என்றார் டாக்டர். பின்னாலேயே வேறு பஸ் பிடித்து வந்த அண்ணனின் மனைவி, புருஷனின் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் நன்றி சொன்னார்.

“நீங்களாச்சும் கூட வந்தீங்களே, சாமி.”

மறுநாள் நான் முதல் பஸ்ஸைத் தவறவிட்டு அடுத்ததில் போய் இறங்கியபோது அந்த அக்கா ஆபீஸ் வாசலில் நின்றிருந்தார். அவருடைய தம்பிகள் இரண்டு பேர், கையில் கடப்பாரையும் மம்பட்டியும். ஊர்க்காரர்கள் பத்துப் பேர் பின்னால் நின்றார்கள். மேலாளர் வாசற்படியை விட்டு இறங்கவில்லை.

“நாய அடிக்கற மாதிரி அடிச்சிருக்கறீங்களே, என்ற ஊட்டுக்காரரு என்ன பண்ணுனாரு?” என்று அக்கா கேட்டார்.

“லட்ச ரூபா மெஷினைக் கெடுத்தான். போலீஸுக்குப் போனா அவனைத்தான் உள்ள வைப்பாங்க. இந்தப் பொண்ணையே கேளு. அவளுக்குத் தெரியும்” என்று மேலாளர் என்னைக் கைகாட்டினார்.

கூட்டம் திரும்பியது. முந்தைய நாள் பஸ்ஸில் திரும்பிய அதே மாதிரி. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்திருந்த முகம்.

“அண்ணன் எதையும் கெடுக்கலீங்க. பழசை அழிச்சது நான். புதுசை வேற இடத்துல வெச்சதும் நான். நேத்தே எனக்குத் தெரியும்.”

மேலாளருக்குத்தான் முதலில் புரிந்தது. படியிலிருந்து குதித்து வந்து என் முகத்தில் அறைந்தார். என் மூக்குக்கண்ணாடி தெறித்து விழுந்தது. இரண்டாவது அடியில் உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம் உப்புக் கரித்தது. கீழே விழுந்தேன். மூன்றாவது அடி விழவில்லை. பெரிய தம்பி கடப்பாரையைத் திருப்பிப் பிடித்து மேலாளரின் முழங்கையில் இறக்கினார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. அவர் கத்திக்கொண்டே வாசலில் சுருண்டார். சின்னவர் மம்பட்டியோடு உள்ளே போனார். இரண்டு மானிட்டர்களும் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. கம்ப்யூட்டர் பெட்டிகளை வெளியே எறிந்து மம்பட்டியால் கொத்தினார். ஒரு வருஷமாக நாங்கள் அளந்த ஊற்றுகள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

யாரோ என்னைத் தூக்கிவிட்டார்கள். அக்கா என் எதிரில் வந்தார். தூக்கிவிடத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கையை ஓங்கி, மேலாளர் அடித்த அதே கன்னத்தில் அடித்தார்.

“நீ நேத்து அங்கயேதான நின்ன? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரு காது மிஞ்சியிருக்குமில்ல?”

ஆமாம் என்று தலையாட்டினேன். அது அவரை இன்னும் கோபப்படுத்தியது. மறுபடி அடிக்க வந்தவரை ஊர்க்காரப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

போலீஸ் வந்தது. தம்பிகள் இருவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். மேலாளரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஸ்டேஷனில் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன், நான் உண்மையை மறைத்த மூன்று இடங்களையும் சேர்த்து. எழுதிக்கொண்டிருந்த ஏட்டுக்குப் பைத்தான் என்றால் என்னவென்று புரியவில்லை. “பாம்பாம்மா?” என்று கேட்டார். விளக்கினேன். “ஒரு பொருள் இருக்கற இடத்துல இல்லைன்னு இத்தனை அடிதடியா?” என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மேலாளருக்கு உடனே ஜாமீன் கிடைத்தது. தம்பிகள் பல நாள் சிறையில் இருந்துவிட்டு வந்தார்கள். கொஞ்ச நாளில் அமைப்பு ஆபீஸை மூடிக்கொண்டு போய்விட்டது. வழக்கு வருஷக்கணக்கில் இழுத்து, கடைசியில் இரண்டு தரப்பும் சமாதானமாகப் போனதாகக் கேள்விப்பட்டேன். வீங்கிய முகத்தோடு வீட்டுக்குப் போன அன்று அப்பா என்னை அடிக்கவில்லை, வையவும் இல்லை. முழுக்கதையையும் கேட்டுவிட்டு, “அந்தாளு காது போச்சா?” என்று மட்டும் கேட்டார். பிறகு மம்பட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டார் தாங்களாகவே விலகிக்கொண்டார்கள்.

அடுத்த தை மாதம் நான் ஆலத்தூர் நாட்டுக்குப் போனேன். அண்ணன் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார். இடப்பக்கமிருந்து நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. சுற்றிக்கொண்டு எதிரில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க நினைத்து வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் பாதியைத்தான் சொல்ல முடிந்தது.

அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டினார்.

“மறுநாளாச்சும் சொன்னீங்களே, அது போதுமுன்னு சொல்லோணும்னுதான் நெனைக்கறேன் அம்மிணி. வாய் வர மாட்டேங்குது.”

“சொல்ல வேண்டாங்க அண்ணா.”

“ஊட்டுல அவ இருக்கறா. அவ பாக்கறதுக்குள்ள போயிருங்க. அவளுக்கு இன்னும் ஆறல.”

அவர் குனிந்து அடுத்த செடியின் தண்டைப் பிடித்து இழுத்தார். பாதிக் கிழங்கு முறிந்து மண்ணுக்குள் நின்றுவிட்டது. அதைத் தோண்டத் தொடங்கினார். நான் வரப்போரமாக நடந்து ரோட்டுக்கு வந்தேன்.